மாதிரிப் பை

பாலர் பள்ளி வாசலில் நின்று அவள் பெயரைச் சொல்லிக் கேட்டால் காவலாளி தலையைச் சொறிவார். பை டீச்சர் என்று கேட்டால் தூக்கத்திலும் கையை நீட்டி வழி காட்டுவார். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர், வருகைப் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில், 'தற்காலிகம்' என்ற தலைப்புக்குக் கீழே ஆறு வருடமாகப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தது. ஒவ்வொரு வருடக் கடைசியிலும் அந்தப் பெயரைத் தட்டி எழுப்பி, "இன்னும் ஒரு வருஷம் இருக்கியா?" என்று கேட்பார்கள். அது கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டும்.

அவள் வேலை இதுதான். பள்ளியில் மூன்றரை வயதிலிருந்து நாலரை வயது வரை இருபத்தெட்டு உருப்படிகள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆளுக்கொரு துணிச் சுருக்குப் பையைக் கழுத்தில் மாட்டி அனுப்புவாள். திங்கட்கிழமை காலையில் பை திரும்பி வரும். பைக்குள் ஒரு விளையாட்டு, ஒரு அட்டை, பெற்றவர்கள் நிரப்ப நாலு கேள்வி போட்ட ஒரு படிவம். விளையாட்டு என்றதும் பேட்டரி போட்டால் கத்துகிற பொம்மை என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு வாரம் பதினைந்து ஜாடி மூடிகள். பெரிதிலிருந்து சிறிதுக்கு அடுக்க வேண்டும். ஒரு வாரம் ஒரு பஞ்சும் இரண்டு கிண்ணமும். ஒரு கிண்ணத்துத் தண்ணீரைப் பஞ்சால் உறிஞ்சி மற்றதில் பிழிய வேண்டும். பிழியப் பிழிய விரலுக்குப் பலம் வரும், பிறகு பென்சில் பிடிக்கும்போது அந்த விரல் நன்றி சொல்லும். ஒரு வாரம் துணி உலர்த்தும் கிளிப்புகள். மூன்று புள்ளி போட்ட அட்டையில் மூன்று கிளிப். இன்னொரு வாரம் ஐந்து ஜோடி காலுறைகள், கலைத்துப் போட்டு. எதற்கு எது இணை என்று குழந்தை கண்டுபிடிக்க வேண்டும்.

அட்டையில் எப்படிச் செய்வது என்று அவள் கையெழுத்தில் நாலு வரி இருக்கும். அதற்கும் மேலே, சிவப்பு மையில், இரண்டு கோடு இழுத்து ஒரு வரி: 'பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்காரவும். கை நீட்ட வேண்டாம்.'

அந்த வரியை அவள் எந்தப் புத்தகத்திலிருந்தும் எடுக்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், வாயே திறக்காத ஒரு பையன் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தாள். அவன் இருபது நிமிடம் மூடிகளை உருட்டினான். இவள் கை துறுதுறுத்தது. தொடைக்கு அடியில் வைத்து நசுக்கிக்கொண்டாள். இருபத்தோராவது நிமிடம் அவன் பெரிய மூடியைத் தலையில் வைத்துக்கொண்டு, "இது அப்பா" என்றான். அதுதான் அவன் பள்ளியில் பேசிய முதல் சொல். அன்றைக்குத் தெரிந்தது அவளுக்கு. குழந்தைக்குப் பாடம் மூடியில் இல்லை, பக்கத்தில் இருக்கிற முழங்காலில் இருக்கிறது. அதை அவள் அளவுக்கு உணர்ந்தவர்கள் அந்த ஊரில் யாரும் இல்லை. அதனால்தான் பின்னால் நடந்ததை மன்னிக்க முடியவில்லை.

பைகளைத் தயார் செய்யப் பள்ளியில் இடம் கிடையாது. மாடிப்படிக்கு அடியில் ஒரு அலமாரி கொடுத்திருந்தார்கள். அதைத் திறந்தால் விளக்குமாறு முதலில் விழும். ஆகவே எல்லாம் வீட்டில். செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் சாயங்காலம் ஐந்திலிருந்து எட்டு வரை அந்த இரண்டு அறை வீடு ஒரு தொழிற்சாலை. கட்டிலில் மூடிகள், சோபாவில் அட்டைகள், தரையில் காலுறை மலை. அந்தக் காலுறை மலையில் ஒரு தடவை வீட்டுக்காரர் தொலைந்துபோய் மூன்று நாள் கழித்துக் கிடைத்தார் என்று அக்கம்பக்கத்தில் ஒரு கதை உண்டு. அவர் லிஃப்ட் மெக்கானிக். மூன்று நாள் காணாமல் போனது உண்மைதான். ஆனால் அது ஒரு ஆஸ்பத்திரி லிஃப்ட் பழுதானபோது.

இந்த மலையடிவாரத்தில் வளர்ந்தவள்தான் கடுகு. நாலு வயது. அப்பா வைத்த பட்டப்பெயர். உருவத்துக்கு வைத்தார், காரத்துக்கும் பொருந்திவிட்டது. இவளும் அந்த இருபத்தெட்டில் ஒருத்தி. காலையில் அம்மாவோடு பள்ளிக்குப் போய், சாயங்காலம் அம்மாவோடு திரும்பி, அம்மாவின் வேலைக்குக் குறுக்கே நிற்பாள்.

"அம்மா, இங்க பாரேன்."

"பாக்குறேன், சொல்லு." கண் அட்டையில்.

"நீ பாக்கல."

"காது உன்கிட்டதான்டா இருக்கு."

காதை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு குழந்தை என்ன செய்யும்? அதனால் அம்மா ஒரு வழி கண்டுபிடித்தாள். காலுறைகள் தொழிற்சாலையிலிருந்து ஜோடியாக வரும். மேல் ஓரத்தில் ஒரு நூல் தையல் இரண்டையும் பிணைத்திருக்கும். குழந்தைகளுக்குக் கலைத்துக் கொடுக்க வேண்டுமே. "இந்தா கடுகு, நூலை இழு. ஜோடியப் பிரி. உதறு. கலக்கிப் பைக்குள்ள போடு." ஒரு பைக்கு ஐந்து ஜோடி. கடுகு சுவரோரம் கிடந்த மடித்த போர்வையில் உட்கார்ந்து நூலை இழுப்பாள், பிரிப்பாள், உதறுவாள், கலக்குவாள். சுருக்குக் கயிற்றை இழுத்து முடிவாள். "இது ஒரு வீட்டுக்கு" என்பாள். அடுத்ததை எடுப்பாள். "இது இன்னொரு வீட்டுக்கு."

மணிக்கணக்காகச் சத்தமே இருக்காது. "என் பொண்ணு தங்கம்" என்று அம்மா சொல்லிக்கொள்வாள். தங்கமும் சத்தம் போடாது.

சரி, மற்ற வீடுகளில் என்ன நடந்தது? திங்கட்கிழமை வந்த பைகள் கதை சொல்லும். பல் டாக்டரம்மா வீட்டுப் பையில் மூடிகள் ஒன்றோடொன்று ஒட்டி, கோபுரமாக்கி, வார்னிஷ் பூசி வரும். குழந்தையின் விரல்ரேகை ஒன்றுகூட இருக்காது. வங்கிக்காரர் வீட்டுப் பை போன மாதிரியே வரும். படிவத்தில் 'நன்று' என்று ஒரே சொல். தையல்காரர் வீட்டுப் பைதான் உருப்படியாக வரும். அதாவது ஈரமாக, ஒரு மூடி குறைவாக, ஏதோ கடித்த தடத்தோடு. படிவத்தை அவர் பென்சிலில் எழுதுவார்: 'யார் பக்கத்தில் இருந்தார்? நான். மிஷினை நிறுத்திவிட்டு. என்ன சொன்னான்? இது போதும், பசிக்குது என்றான்.' பை டீச்சர் அதைப் படித்துவிட்டு அன்றைக்கு முழுக்கச் சிரித்த முகமாக இருப்பாள்.

பெரிய மேடத்துக்கு அந்தப் படிவம் பிடிக்கவில்லை. பெரிய மேடம் என்றால் பள்ளியின் தலைமை; உயரமும் இல்லை, பருமனும் இல்லை, குரல்தான் பெரிது. "என்னம்மா இது, பசிக்குதுன்னு எழுதிக்கிட்டு. புதுசா சேர்க்க வர்றவங்ககிட்ட இதையா காட்டறது? பெத்தவங்களுக்கு எப்படி எழுதறதுன்னே தெரியல. நீயே ஒரு மாதிரி எழுதிக் குடு. நோட்டீஸ் போர்டுல ஒட்டுவோம். பையும் ஒண்ணு அழுக்குப்படாம வை, மாதிரிக்கு."

"யார் பேருல எழுதறது மேடம்?"

"உன் பொண்ணு இருக்காளே."

அப்படித்தான் கடுகுக்கு வரவேண்டிய இருபத்தெட்டாவது பை வீட்டுச் சுவர் ஆணியில் ஏறியது. நீலத் துணி, வெள்ளைக் கயிறு, இஸ்திரி போட்டது. ஒவ்வொரு வாரமும் அதில் புது விளையாட்டு மாறும்; வெள்ளிக்கிழமை பள்ளிக்குப் போய்ப் பலகைக்குக் கீழே தொங்கும்; பிறகு வீட்டு ஆணிக்கே திரும்பும். முதல் வாரம் கடுகு நாற்காலியை இழுத்துப் போட்டு அதை எட்டிப் பிடித்தாள். அம்மா புறங்கையில் ஒன்று வைத்தாள். பலமாக இல்லை. "அது மாதிரிப் பை. தொட்டா கெட்டுப் போயிடும்." கடுகு அதற்கப்புறம் தொடவில்லை. சொன்னால் கேட்கிற பிள்ளை என்று பெயர் வாங்கினாள்.

பொய் சொன்னாலும் பொருந்தச் சொல் என்பார்கள். பை டீச்சர் எழுதிய முதல் மாதிரி அறிக்கை பொருந்தத்தான் சொன்னது: 'மூடிகளை அடுக்கினாள். பன்னிரண்டு நிமிடம். பக்கத்தில் அம்மா நான் இருந்தேன். "இதுக்குத் தம்பி எது?" என்று கேட்டாள்.' அன்றைக்கு வேலை தலைக்கு மேல் இருந்தது. நாளைக்கு உட்கார்ந்து விளையாடிவிடலாம், அப்போது இது உண்மையாகிவிடும் என்று நினைத்தே எழுதினாள். கடன் வாங்குவதுபோல ஒரு பொய். நாளை வந்தது. நாளைக்கும் வேலை வந்தது.

பலகையில் ஒட்டியதை எல்லோரும் நின்று படித்தார்கள். பாராட்டினார்கள். பாராட்டு என்பது உப்புத் தண்ணீர் மாதிரி, குடிக்கக் குடிக்கத் தாகம். காகிதத்துக் கடுகு வளர ஆரம்பித்தாள். நாலாவது வாரம் பஞ்சைப் பிழிந்துவிட்டு, "தண்ணிக்கு வலிக்குமா?" என்று கேட்டாள். ஏழாவது வாரம் கிளிப்புகளை எண்ணி, அப்பாவுக்கு ஒன்று மிச்சம் வைத்தாள். பத்தாவது வாரம் ஜன்னல் வழியாகத் தெரிந்த பறவைகளைக் கிளிப் கணக்கில் எண்ணினாள். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் கிரகணத்துக்கு நேரம் குறித்திருப்பாள். அந்தப் பெண் அழமாட்டாள், தூக்கிப் போடமாட்டாள், "இங்க பாரேன்" என்று புடவையை இழுக்கமாட்டாள். எழுதும்போது பை டீச்சரின் முகம் அப்படியே கனியும். அந்த நேரத்தில் சுவரோரத்திலிருந்து, "அம்மா, ஒண்ணுக்கு வருது" என்று சத்தம் வந்தால் எரிச்சலாக இருக்கும்.

வீட்டுக்காரர் ஒருநாள் அறிக்கையை எடுத்துப் படித்தார். கைநிறைய கிரீஸ், காகிதத்தின் ஓரத்தை மட்டும் பிடித்திருந்தார்.

"யாரு இந்தப் பொண்ணு? நல்ல பொண்ணா இருக்கே. நம்ம கடுகுக்கு சிநேகிதம் பண்ணி வைக்கலாமா?"

"கிண்டலா? மாதிரிக்கு எழுதறது அது."

"ஏட்டுல காய்க்கிற சுரைக்காய எத்தன நாளைக்குக் குழம்பு வைப்ப?"

"நீங்க உக்காந்து விளையாடறதுதானே அவகூட? லிஃப்ட் லிஃப்ட்னு மேலயும் கீழயும் போறீங்க, வீட்டுக்குள்ள வர்றதில்ல."

அது உண்மை. அதனால் அவர் கையைக் கழுவப் போனார். அந்த வீட்டில் இருவருக்கும் சண்டையில் சமமாகவே ஆயுதம் இருந்தது. அதனால் சண்டை நடக்காது, பழுதும் சரியாகாது.

மழைக்காலம் முடிந்த ஒரு திங்கட்கிழமை தையல்காரர் பையை வாசலில் கொடுக்காமல் உள்ளே கொண்டுவந்தார். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. பையன் அவர் காலுக்குப் பின்னால்.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும். தப்பா நினைக்காதீங்க."

"சொல்லுங்கண்ணே."

"உங்க பாப்பா அந்தக் காலுறையெல்லாம் நாலு நிமிஷத்துல ஜோடி சேத்துதுன்னு போர்டுல படிச்சேன். இவன் ஒரு மணி நேரமா உருட்டுறான் டீச்சர். சிவப்பையும் பச்சையையும் ஜோடிங்கறான். இதுங்க ரெண்டும் சண்டை போட்டுச்சு, இப்ப ராசியாயிடுச்சுன்னு கதை வேற. எனக்கு பயம் வந்துடுச்சு. அதே வயசுப் பொண்ணு அப்படி இருக்கு, இவனுக்கு மூளையில ஏதாவது..." நிறுத்தினார். "ரெண்டு போட்டுட்டேன். இதுவரைக்கும் அவன் மேல கை வச்சதில்ல."

பை டீச்சர் பையனைப் பார்த்தாள். சண்டை போட்டு ராசியான காலுறைகள். தன் ஆறு வருடத்தில் ஒரு குழந்தை சொன்ன மிக நல்ல வாக்கியம் இதுவாகத்தான் இருக்கும். அவள் புனைந்த அத்தனையும் இதன் கால்தூசு பெறாது.

இப்போது சொல்லியிருக்கலாம். 'அண்ணே, அது பொய். என் பொண்ணு அந்தப் பையைத் திறந்ததேயில்ல' என்று மூன்று நொடியில் முடிகிற வேலை. நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அந்த நேரம் பார்த்துப் பெரிய மேடம் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"ஒவ்வொரு குழந்தையும் ஒவ்வொரு மாதிரிண்ணே," என்றாள் பை டீச்சர். "பொறுமையா இருங்க. அடிக்காதீங்க."

"சரிங்க டீச்சர்," என்றார் அவர். அவமானப்பட்ட மனிதரின் 'சரிங்க'. அடுத்த வாரத்திலிருந்து அவர் வீட்டுப் பையும் சுத்தமாக, எல்லாம் சரியாக, ஈரமில்லாமல் வந்தது. படிவத்தில் மையில் எழுதியிருந்தார்: 'நான்கு நிமிடம்.'

பெரிய மேடம் எட்டிப் பார்த்த காரணம் வேறு. பள்ளி நிர்வாகத்துக்கு இன்னும் இரண்டு கிளைகள் உண்டு. அங்கும் இந்தப் பை ஏற்பாடு வேண்டுமாம். அதற்கு ஒரு பொறுப்பாளர், நிரந்தர வேலை. நிரந்தரமானால் கடுகுக்கு மேல் வகுப்பு முடிகிற வரை பள்ளியில் இடம் உறுதி. "உன் பேரத்தான் சொல்லியிருக்கேன். கமிட்டியிலருந்து ரெண்டு பேர் வர்றாங்க, வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு. பள்ளிக்கூடத்த பாக்க இல்ல, உன் வீட்டுக்கு. அந்தப் பொண்ணு விளையாடறத நேர்ல பாக்கணுமாம். காலுறை விளையாட்டே வை, அது போட்டோவுக்கு நல்லா இருக்கும்."

ஆறு வருடம் கடைசிப் பக்கத்தில் படுத்திருந்த பெயர் எழுந்து உட்கார்ந்துவிட்டது. கடுகு அந்த விளையாட்டை ஒரு தடவைகூட விளையாடியதில்லை என்று அன்றைக்கு ராத்திரி வீட்டுக்காரரிடம் சொன்னாள்.

"நாலு நாள் இருக்கு," என்றார் வீட்டுக்காரர். "தெனம் அரை மணி நேரம் அவகூட உக்காரு. போதும். அவ என்ன, மண்டா?"

உட்காரத்தான் நினைத்தாள். செவ்வாய்க்கிழமை பெரிய மேடம் சொல்லி அனுப்பினார்: வருகிறவர்கள் கையில் கொடுத்தனுப்ப ஆளுக்கு ஆறு பை கூடுதலாக வேண்டும், அட்டை புதிதாக எழுத வேண்டும். புதன்கிழமை கிளிப்புகள் போதவில்லை, கடைக்கு ஓடினாள். வியாழக்கிழமை சாயங்காலம் கடுகைக் கூப்பிட்டு எதிரில் உட்கார வைத்தாள். அதற்குள் சிவப்பு மை அட்டையில் கொட்டிவிட்டது. துடைத்து எழுந்தபோது குழந்தை போர்வையில் சுருண்டு தூங்கிவிட்டிருந்தது, கையில் ஒரு காலுறையோடு.

'பரவாயில்ல,' என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். 'காலுறையிலேயே பிறந்து வளந்தவ. ஜோடி சேக்கத் தெரியாமலா போயிடும்.' மீன்குஞ்சுக்கு நீச்சல் சொல்லித்தர வேண்டுமா என்கிற மாதிரி. ஆனால் இந்த மீன்குஞ்சு பார்த்தது தண்ணீரை இல்லை.

வெள்ளிக்கிழமை வீடு துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. மலைகள் எல்லாம் கட்டிலுக்கடியில். கமிட்டியிலிருந்து ஒரு கண்ணாடி போட்ட அம்மாளும், கழுத்தில் காமிரா தொங்கிய ஒரு ஐயாவும், பெரிய மேடமும். வீட்டுக்காரர் சட்டை மாற்றிக்கொண்டு கதவோரம் நின்றார்.

"இதுதான் அந்தச் சுட்டிப் பொண்ணா?" கண்ணாடியம்மாள் தரையிலேயே உட்கார்ந்தார். நல்ல மாதிரியான மனுஷி, அதுதான் வினை. "உன் பையை எடுத்துட்டு வா பாக்கலாம்."

கடுகு இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"அது மாதிரிப் பை. தொடக் கூடாது."

பெரிய மேடம் சிரித்தார். பை டீச்சர் அதைவிடச் சத்தமாகச் சிரித்தாள். ஆணியிலிருந்து நீலப் பையை எடுத்துத் தானே கயிற்றைத் தளர்த்தித் தரையில் கொட்டினாள். பத்துக் காலுறைகள், கசங்காமல்.

"ஜோடி சேத்துக் காட்டு கண்ணு," என்றாள்.

கடுகு காலுறைகளைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். ஒன்றும் செய்யவில்லை. கண்ணாடியம்மாள் உதவிக்கு வந்தார்: இரண்டு மஞ்சள் காலுறைகளைத் தேடியெடுத்து, ஒன்றின் மேல் ஒன்று வைத்து, மேல் ஓரத்தை மடித்துச் சேர்த்துக் குழந்தையின் கையில் கொடுத்தார். "பாத்தியா, இப்படி."

கடுகுக்கு இப்போது புரிந்துவிட்டது. ஜோடியாக ஒன்று கையில் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்குத் தெரியாதா? மடிப்பைப் பிரித்தாள். ஒன்றை இந்தப் பக்கம் உதறினாள், ஒன்றை அந்தப் பக்கம் உதறினாள். குவியலில் போட்டு இரண்டு கையாலும் நன்றாகக் கலக்கினாள். எல்லாவற்றையும் அள்ளிப் பைக்குள் திணித்து, கயிற்றை இழுத்து முடிந்து, அம்மாவின் மடியில் வைத்தாள்.

"இது ஒரு வீட்டுக்கு," என்றாள். "அடுத்தது எங்கம்மா?"

ஊசி விழுந்தால் கேட்கும். விழுந்தது ஊசி இல்லை, பை டீச்சரின் முகம். ஆனால் ஏழு மாதமாகப் பொய் எழுதிப் பழகிய கை. வாய்க்கும் அந்தப் பழக்கம் இறங்கியிருந்தது.

"ஜோடி சேக்கறதெல்லாம் முன்னாடியே முடிச்சுட்டா," என்றாள். "இது அடுத்த கட்டம். மத்த குழந்தைங்களுக்கு அவளே புதிர் தயார் பண்றா. சேத்தத கலைக்கத் தெரியணும்னா, சேக்கறது முழுசாப் புரிஞ்சிருக்கணும் இல்லீங்களா?"

கண்ணாடியம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் இப்படி யோசிச்சதே இல்ல," என்று மெதுவாகச் சொன்னார். காமிரா ஐயா ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொண்டார். பெரிய மேடம், எல்லாம் தனக்கு முன்பே தெரியும் என்பதுபோலத் தலையாட்டினார்.

"அப்பாவும் கலந்துக்குவீங்களா இதுல?" என்று கேட்டார் ஐயா.

கதவோரம் நின்றவர் மனைவியைப் பார்த்தார். "நான் லிஃப்ட் பாக்குற ஆளுங்க," என்றார். "பெட்டி மேல போகுதா கீழ போகுதான்னு சத்தத்துலயே சொல்லிடுவேன். இங்க எதுன்னு எனக்குப் பிடிபடல." அவர்கள் அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டு சிரித்தார்கள்.

"அம்மாவும் பொண்ணும் சேந்து விளையாடற மாதிரி ஒண்ணு எடுத்துடலாம்," என்று காமிரா ஐயா நிமிர்ந்தார். "அட்டையில இருக்குமே, பக்கத்துல உக்காரவும்னு. அது மாதிரி."

பை டீச்சர் தரையில் இறங்கி, மகளின் முழங்காலோடு முழங்கால் படும்படி உட்கார்ந்தாள். அந்தப் பை ஆணியில் ஏறிய நாளிலிருந்து அதுதான் முதல் தடவை. கடுகு திடுக்கிட்டுப் பார்த்தாள். பிறகு, அம்மாவுக்கு இடம் போதவில்லை என்று நினைத்தாளோ என்னவோ, எழுந்து காலுறைகளை அம்மா பக்கம் தள்ளிவிட்டு, சுவரோரப் போர்வைக்குப் போய் உட்கார்ந்து காலை மடக்கிக்கொண்டாள்.

"நீ வேலையப் பாரும்மா," என்றாள். "நான் தொந்தரவு பண்ண மாட்டேன்."

"அடடா, என்ன பக்குவம்," என்றார் கண்ணாடியம்மாள். உண்மையாகவே அவர் கண் கலங்கியிருந்தது.

உத்தரவு அடுத்த புதன்கிழமையே வந்தது. கடைசிப் பக்கத்திலிருந்த பெயர் முதல் பக்கத்துக்கு வந்தது. மூன்று கிளைக்குமாகச் சேர்த்து வாரத்துக்கு எண்பத்து நாலு பை. கண்ணாடியம்மாள் சொன்னபடி புது அட்டை ஒன்றும் தயாரானது: 'சேர்த்ததைக் கலைப்போம்.' அந்த வாரம் எத்தனையோ வீடுகளில் படித்த தாய் தகப்பன்கள் ஜோடி காலுறைகளைப் பிரித்து உதறக் குழந்தைகளுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். பல் டாக்டரம்மா தானே இருபது ஜோடி கலைத்துப் படம் எடுத்து அனுப்பினார். தையல்காரர் மட்டும் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதத்தானே டீச்சர் என் பையன் சும்மாவே செய்வான்," என்றார். கேள்விதான் அது. அவள் அடுத்த பையை வாங்கினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருந்தார். அடுத்த வாரத்து எண்பத்து நாலு பைக்கான சாமான் கட்டிலுக்கடியில் காத்திருந்தது. பை டீச்சர் காபியைக் குடித்துவிட்டு, ஆணியிலிருந்த நீலப் பையை எடுத்துக்கொண்டு சுவரோரப் போர்வைக்குப் போனாள். கடுகுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். இந்தத் தடவை காமிரா இல்லை.

"இந்தா கடுகு. இது உன் பை. திறந்துக்கோ."

கடுகு பையைப் பார்த்தாள். அம்மாவின் முகத்தை ஒரு தடவை கவனமாகப் படித்தாள், பெரியவர்கள் தந்தி வந்தால் படிப்பதுபோல.

"வேணாம்மா."

"கெட்டுப் போகாதுடா. கெட்டுப் போனாலும் பரவாயில்ல. நாம ரெண்டு பேரும் விளையாடலாம்."

"இன்னைக்கு யாரு வர்றாங்க?" என்று கேட்டாள் கடுகு.

"யாரும் வரலடா."

அதைக் குழந்தை நம்பவில்லை. எழுந்து போய் வாசல் பக்கம் பார்த்தாள். திரும்பி வந்து, பையின் கயிறு சரியாக முடிந்திருக்கிறதா என்று இழுத்துப் பார்த்து, நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, அதை ஆணியிலேயே மாட்டினாள். மாட்டிவிட்டு, கட்டிலுக்கடியிலிருந்து ஒரு கட்டுக் காலுறையை உருவியெடுத்துக்கொண்டு போர்வையில் உட்கார்ந்து நூலை இழுக்க ஆரம்பித்தாள். பை டீச்சர் கொஞ்ச நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள், கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு. கடுகு ஒரு தடவைகூட, "இங்க பாரேன்" என்று சொல்லவில்லை.

பிறகு அவள் எழுந்தாள். திங்கட்கிழமைக்கு மாதிரி அறிக்கை பாக்கி இருந்தது. இப்போது மூன்று கிளைப் பலகைக்கும் அதுதான் போகிறது. பேனாவை எடுத்தாள். என்ன செய்தது, எழுதினாள். எவ்வளவு நேரம், எழுதினாள். யார் பக்கத்தில் இருந்தார் என்பதற்கு, முதல் தடவையாக, உண்மையையே எழுதினாள். நாலாவது கேள்வியில் பேனா நின்றது. குழந்தை சொன்னது என்ன?

சுவரோரத்தில் ஒரு ஜோடி பிரிந்தது. உதறல் சத்தம் கேட்டது.

'"அம்மா, இன்னும் ஒரு தடவை விளையாடலாமா?" என்று கேட்டாள்' என்று எழுதி, மை காயட்டும் என்று ஊதினாள்.